இருபது நிமிடம்

குதிகாலில் தொடங்கிய வலி மதியத்துக்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. தூத்துக்குடிப் புறவழிச்சாலையில் இருக்கும் ஐரோப்பியக் கம்பெனி சூப்பர் மார்க்கெட்டில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அடுத்தடுத்த பில் கவுன்ட்டர். சட்டப்படி நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் உட்காரலாம். மணிக்கட்டில் கம்பெனி கட்டிவிட்ட பட்டையில் நிமிடம் தீர்ந்தால் நாற்காலி தானாக மடங்கிக்கொள்ளும். ஒருவர் நிமிடத்தை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கலாம்.

அன்று என் நிமிடம் சீக்கிரமே தீர்ந்தது. ஆறு மாத வயிற்றோடு நின்ற ஜெசிந்தா, தனக்கு மிச்சமிருந்த இருபது நிமிடத்தையும் என் பட்டையில் ஏற்றினாள்.

"ஏட்டி, ஒனக்கு வேணும்லா?"

"வச்சிக்கோங்கக்கா. உள்ள இருக்கவன் எனக்கும் சேத்து உக்காந்துதான இருக்கான்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு அவளுக்கு இடுப்பு வலி கண்டது. அவள் நாற்காலி விரியவில்லை. என்னுடையதும் மடங்கிக் கிடந்தது. மேலாளர் ஓடிவந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"பேலன்ஸ் இல்லம்மா, நான் என்ன செய்ய?"

பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அவளை உட்காரவைப்பதற்குள் சுடிதார் ரத்தத்தில் நனைந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் பிள்ளையில்லாத வயிற்றோடு வேலைக்கு வந்தாள். என் பட்டையை நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குக்கா? நான் ஒருத்திதான நிக்கேன்."

ஜெசிந்தாவுக்கு நான் இன்னும் இருபது நிமிடம் தர வேண்டும்.