நன்றி என்னும் கிளை

நலன்புரி உத்தியோகத்தர் சுஜீவன் சேர் வட்டமாக வெட்டிய தாளின் பின்புறத்தில் பசை தடவி, என் மனவரைபடத்தின் நடுவில் இருந்த ‘குளவி’ என்னும் சொல்லின் மீது ஒட்டினார்.

ஒட்டிய தாளில் ‘தொழிலாளர் நலன்’ என்று எழுதப்பட்டிருந்தது.

கொழும்பிலிருந்து விருந்தினர்கள் வந்து சேர இன்னும் அரை மணி நேரமே இருந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலைக்குச் சான்றிதழ் வழங்கலாமா என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள். தொழிலாளர் ஒருவர் பத்து நிமிடம் முன்வைப்புச் செய்ய வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை.

நாற்பத்திரண்டாவது வயதில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள் என்பதால் நான் தெரிவு செய்யப்பட்டேன்.

மனவரைபடத்தை ஞாயிறு வகுப்பில் கற்றேன். நடுவில் ஒரு சொல் இருக்கும். அதிலிருந்து கிளைகள் பிரியும். வாக்கியம் எழுதுதல் கூடாது. கிளைக்கு ஒரு சொல் போதும். மிகுதி, பேசுபவரின் மனத்தில் இருக்கும்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை மேலிருந்து பார்த்தால் இவ்வாறே தோன்றும். ஆகையால் எனக்கு அது எளிதில் விளங்கிற்று.

என் நோக்கம் ஒன்றே. திங்கட்கிழமை முதல் பதினோராம் நம்பர் மலையில் மீண்டும் கொழுந்து பறிக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. அதற்கு முன்னர், அங்குள்ள வாகை மரங்களில் தொங்கும் நான்கு குளவிக் கூடுகளும் அகற்றப்பட வேண்டும்.

“மரம்னு ஒரு கிளை, லொறின்னு ஒரு கிளை, மருந்துன்னு ஒரு கிளை… என்னாங்க பூரணியக்கா, வர்றவங்க நம்ம தேயிலையைத் தூக்கிப் போட்டுட்டுப் போகவா?” என்றார் சுஜீவன் சேர்.

“கூட்டைத்தாங்க சேர் எடுக்கச் சொல்றேன்.”

அவர் கிளை கிளையாக வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டு வந்தார்.

இறுதியில் ‘நன்றி’ என்னும் கிளை மாத்திரம் எஞ்சியது. அதன் நுனியில் மூன்று பெயர்கள் இருந்தன: ஜீவராணி, யூஜினா, நிலக்ஷி.

“இவங்க யாரு?”

“எங்கூட நெரை புடிச்சுக் கொழுந்து பறிச்சவங்க.”

“இது நல்லாருக்கு. இதையே பத்து நிமிசம் பேசுங்க. மொகத்தைச் சிரிச்சாப்ல வச்சுக்கங்க. சிங்களத்துல நான் சொல்லிக்கிறேன்.”

கவ்வாத்து வெட்டும்போது, செடி மூச்சு விடுவதற்காக ஒரு கிளையை வெட்டாமல் விடுவதுண்டு. எங்கள் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆன அவர் அதனை அறிந்திருக்கவில்லை.

நான் பேசினேன். ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

குளவி கலைந்த அன்று, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து என் தலையில் போர்த்திய ஜீவராணிக்கு நன்றி கூறினேன். மேல் நிரையில் நின்றுகொண்டு, ஓடுவதற்கு முன் “வராதீங்க” என்று கீழ் நிரைக்குக் கத்திய நிலக்ஷிக்கு நன்றி கூறினேன். அவள் விழுந்ததைக் கண்டு, தப்பிய வழியே திரும்பி ஏறிய யூஜினாவுக்கு நன்றி கூறினேன். கொழுந்து லொறி வரும்வரை ஒன்றரை மணி நேரம், மருந்து எதுவும் இன்றி, முறையிடாமல் படுத்திருந்தமைக்காக மூவருக்கும் சேர்த்து நன்றி கூறினேன்.

மண்டபத்தின் பின்வரிசைகளில் எங்கள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுஜீவன் சேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார். “மூன்று சகோதரிகளின் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவிக்கிறார்” என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

எனக்குச் சிங்களம் விளங்கும். பேசுவதற்குக் கடைச் சிங்களம் மட்டுமே வரும். அதிலே விலை கேட்கலாம், வேறொன்றும் கேட்க இயலாது.

விருந்தினர் கைதட்டினார்கள். அவர்களுள் மூத்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி, வரைபடம் மிக அழகாக இருப்பதாகப் பாராட்டினார். பின்னர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த குடைகளில் மூன்றை எடுத்து, அந்த மூன்று சகோதரிகளையும் அழைக்குமாறு கேட்டார்.

“அவர்கள் பதினோராம் நம்பர் மலையில் இருக்கிறார்கள், மேடம். வேலை நேரம்” என்றார் சுஜீவன் சேர்.

“அப்படியானால் அங்கேயே போவோம். கொழுந்துக்கு நடுவில் நின்று படம் எடுத்தால் இன்னும் அழகு.”

“வேண்டாம் மேடம்!” அவர் கை அம்மையாரின் வழியை மறித்து நீண்டது. “அங்கே குளவி இருக்கிறது.”

என் முன்வைப்பின் நடுச் சொல்லைச் சிங்களத்தில் கூறியவர் அவரே. உச்சரிப்பும் மிகத் தெளிவாக இருந்தது.

அம்மையார் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். மூன்று குடைகளையும் என்னிடம் தந்து, தவறாமல் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார். வாகனத்தின் கண்ணாடிகள் மேலே ஏற்றப்பட்டன. அது பங்களாப் பாதையால் இறங்கிப் போயிற்று.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் என் பெயர் பதினோராம் நம்பர் மலைக்கே வாசிக்கப்பட்டது.

குடைகளைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். அந்த மலையின் மேல் மூலையிலே, கடைசி வாகை மரத்தின் கீழ், எங்கள் தோட்டத்து மயானம் இருக்கிறது. ஜீவராணி, யூஜினா, நிலக்ஷி ஆகிய மூவரும் அங்கே அருகருகே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மேட்டுக்கு ஒன்றாக மூன்று குடைகளையும் வைத்தேன்.

விரிக்கவில்லை. விரியும் சத்தத்துக்குக் கூடு கலையும்.