கண் மூடித் திறக்கும் மாதா

கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தபோதுதான் என் தலை மறைந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்தது.

நான் மேசைக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். மேசை விரிப்புக்கு மேலே என் தலை மட்டும். முகத்துக்கு ஒரு கை தூரத்தில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட்.

"பாருங்க, ஐறீன் இல்ல," என்றாள் பஸ்லா. என் வகுப்புத் தோழி. விஞ்ஞானப் போட்டியில் விளக்கம் சொல்வது அவளுடைய வேலை. "பின்னுக்கு இருக்கிற சுவர் மட்டும்தான் தெரியுது."

எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துச் சுவர் கீழே பச்சை, மேலே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு எங்கேயும் உடையாமல், என் தலை இருக்கவேண்டிய இடத்தால் நேராகப் போய்க்கொண்டிருக்கும். காலையில் பஸ்லாவை இங்கே இருத்தி நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, இது நாங்கள் செய்ததுதானா என்று அவளிடம் இரண்டு தரம் கேட்டேன்.

"ஷீட்டுல நெட்டுக்கு வரி வரியா இருக்கு. ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி லென்ஸ். ஆள்ட வெளிச்சத்தை ரெண்டு பக்கமும் விசிறிடும். சுவர் அகலம்தானே, அதால சுவர் மிஞ்சுது."

"எக்ஸாம் ஹாலுக்குக் கொண்டு போகலாமா?" ஒரு சின்னவன் கேட்டான்.

"கொண்டு போ. மிஸ்ஸுக்கு நீ தெரியமாட்டாய். மிஸ் வாறது உனக்கும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசை எரிமலையை ஒருவரும் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

பஸ்லா ஷீட்டைக் குறுக்காகத் திருப்பினாள். "இப்படிப் பிடிச்சா சரி வராது. பாருங்க, புடலங்காய்."

என் முகம் மேலும் கீழும் இழுபட்டுத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நொடியில் எனக்கும் வெளியே நிறங்கள் நீள நீளமாகத் தெரிந்தன. அதில் ஒன்று இளமஞ்சள்.

அது அம்மா வேலை செய்யும் பார்மசியின் யூனிபோர்ம்.

பஸ்லா ஷீட்டை மறுபடி நிமிர்த்தினாள். இளமஞ்சள் போய்விட்டது.

அம்மாவை நான் வரச் சொல்லவில்லை.

சீனாவிலிருந்து வரவேண்டிய ஷீட் வந்து சேரவில்லை. நேற்று அம்மா கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை நொவேனா செபத்துக்குப் போன நேரம், சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றினேன். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த படம். நடந்துகொண்டே பார்த்தால் மாதா கண்ணை மூடித் திறப்பார். வீட்டில் யாராவது பொய் சொன்னால்தான் மூடுகிறார் என்று சின்ன வயதில் அம்மா சொல்லுவார். நானும் நம்பியிருந்தேன். அது வரிகளின் வேலை என்று எனக்குத் தெரிந்தது இந்த வருஷம்தான்.

சுடுதண்ணியும் சோப்பும் போட்டுப் பின்பக்கத்துப் படத்தை உரித்தேன். படம் வந்தது. பசையும் முக்காட்டின் நீலச் சாயமும் வரவில்லை. அம்மா வரும் சத்தம் கேட்க, ஷீட்டை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பிரேமுக்குள் ஏற்கனவே காலண்டர் மாதா ஒருவரை வைத்திருந்தேன். அவர் கண்ணை மூடமாட்டார்.

காலையில் எடுத்துப் பார்த்தால் ஷீட் கண்ணாடி மாதிரி இருந்தது. சோப்பு இரவெல்லாம் ஊறி வேலை செய்திருக்கிறது. லேசாகத் தேங்காயெண்ணெய் மணமும் அடித்தது. என் தலை எண்ணெயாக இருக்கும்.

அம்மா வழமைபோலப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

"இந்த ஷீட் எங்க எடுத்தது?" யூனிவர்சிட்டி கம்பஸிலிருந்து வந்த நடுவரின் குரல். "இது இங்க விக்கிற சாமான் இல்லையே. வெளியில ஆள் வச்சுச் செய்விச்சிருந்தா போட்டியில சேர்க்க ஏலாது, பிள்ளை."

"ஐறீன்தான் கொண்டு வந்தது, மிஸ்." பஸ்லாவின் குரல் இறங்கிவிட்டது.

நான் பேசாமல் இருக்கலாம். அகில இலங்கைப் போட்டிக்கு எரிமலை போகும். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவராது.

ஆனால் அந்தக் கோடு என் தலைக்குள்ளால் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதை வேறு யாரோ செய்தது என்று விட்டுக்கொடுக்க எனக்கு ஏலவில்லை. பயம் இருந்தது. இது அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்கட வீட்டு மாதா படம், மிஸ்," என்றேன் ஷீட்டுக்குப் பின்னாலிருந்து. "கண் மூடித் திறக்கிற படம். அதுட முன்பக்கம்தான் இந்த ஷீட். அம்மாவுக்குத் தெரியாம உரிச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. ஷீட்டுக்குள்ளால் பார்த்தேன், பச்சையும் வெள்ளையும் மஞ்சளும் கலைந்த ஒரு புகை. அதற்குள் அம்மாவின் முகம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் இவட அம்மா, மிஸ்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகளின் ரிசல்ட் பற்றி எனக்குச் சொல்லும் குரல் அல்ல அது.

"பிள்ளை தனியத்தான் செஞ்சது. வேற ஒருத்தரும் கை வைக்கல. வீட்டுல ராவைக்குப் பிள்ளையோட இருந்தது நான் மட்டும்தான். நான் நல்லாத் தூங்கிட்டேன்."

நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பஸ்லா மேசைக்குக் கீழே என்னை ஒரு உதை உதைத்தாள். சந்தோஷ உதை.

பிறகு ஷீட்டின் ஓரத்தால் அம்மாவின் கை வந்தது. என் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டது.

பெருவிரல் நகத்துக்குள் மாதாவின் நீலம் இருந்தது.