பழைய கடலின் ஒலி

வெளிறிப்போன பவளப்பாறைக்கு மீன்களைத் திரும்ப அழைக்க, அது உயிரோடிருந்த காலத்தின் ஒலியைத் தூத்துக்குடிக் கடலடியில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு முன் அதைப் பதிவு செய்தவர் ஜெசிந்தாவின் கணவர் டெரன்ஸ். இருவரும் ஞாயிறுதோறும் தன்னார்வலர்களாக மூழ்கி மீன் எண்ணியவர்கள். கடுகு பொரிவதுபோல் இறால்கள் எழுப்பும் சத்தத்துக்கு நடுவே, எண்ணும்போது அவர் முனகும் மெட்டும் அதில் பதிந்திருந்தது. அவர் இறந்த பிறகும் ஜெசிந்தா அந்த மெட்டைக் கேட்டபடியேதான் எண்ணிவந்தார்.

அந்த முனகல்தான் மீன்களை விரட்டுகிறதோ என்று, இந்த ஞாயிறு, முனகலை நீக்கிய பதிவைப் போட்டுச் சோதித்தார்கள். ஜெசிந்தா மேலே வந்ததும் படகிலிருந்த ஆய்வாளர் ஷமீமா கேட்டாள்: "எத்தன இருந்துச்சுக்கா?"

ஜெசிந்தா தன் எழுதுபலகையைப் பார்த்தார். போன வாரம் நாற்பத்திரண்டு. அதையே இன்றும் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அறுபத்தேழு," என்றார்.

ஷமீமா தயங்கினாள். "அப்போ இனிமே புதுசுதான் ஓடும்க்கா."

"ஓடட்டும், மீன் வருதுல்ல. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவ பழசப் போடு. நான் எண்ணப் போறதில்ல. சும்மா கொஞ்ச நேரம் கீழ இருந்துட்டு வாரேன்."