பத்தொன்பதிலிருந்து ஐந்து வரை

அளவு பார்க்கிற கேஜ் பத்தொன்பது என்று காட்டியது. இசக்கிசெல்வி கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள், மறுபடியும் பத்தொன்பதுதான்.

குறித்த அளவுக்கு மேலே பத்து மைக்ரானைத் தாண்டக் கூடாது. சைபருக்குக் கீழேயும் போகக் கூடாது.

பென்னலூர் கம்பெனியில், அவளே எழுதிய புரோகிராமில், சிஎன்சி மிஷின் காலையிலிருந்து செதுக்கித் தந்த கனெக்டிங் ராடு அது. பிஸ்டனைக் கிராங்கோடு கோக்கிற கை. முழு அலுமினியக் கட்டையிலிருந்து குடைந்து எடுத்தது, குனிந்து பார்த்தால் முகம் தெரியும். அதன் பெரிய துளைதான் ஒன்பது மைக்ரான் கூடிப்போயிருந்தது. ஒன்பது மைக்ரான் என்றதும் ஏதோ பெரிய ஓட்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தலைமுடியை எட்டாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு.

ஆனால் இந்த ராடு போகப்போகிற பந்தயக் காருக்கு அது போதும். துளை பெரிதானாலும் சரி, சிறிதானாலும் சரி, முழு வேகத்தில் ராடு முறிந்து எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டுகிறவன் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

சிறிதாகிப் போனதை இன்னும் கொஞ்சம் குடைந்துகொள்ளலாம். பெரிதாகிப் போனதில் எதை வைத்து அடைப்பது? கட்டையும் இதுதான் கடைசி. இதை ஒழுங்காக முடித்தால் புது மிஷின் அவள் பொறுப்பு என்று ஓனர் எழிலரசன் சொல்லியிருந்தார். சொதப்பினால் பழையபடி பிராக்கெட் லைன்தான். ஷிஃப்டுக்கு நானூறு பீஸ், எல்லாம் ஒரே மாதிரி. மூன்று வருஷம் அதைச் செய்து அவளுக்குக் கனவிலும் பிராக்கெட்தான் வந்தது.

எல்லாம் அந்தப் புது டிப்பால் வந்த வினை. வெட்டுகிற டிப் தேய்ந்திருக்கிறதே என்று இன்று காலையில்தான் மாற்றினாள். அது கொஞ்சம் அதிகமாகவே தின்றுவிட்டது.

ராடைத் துணியில் ஏந்திக்கொண்டு இன்ஸ்பெக்ஷன் ரூமுக்குப் போனாள். அங்கே மரகதம் அக்காவின் ராஜ்ஜியம். சாமியே வந்து நின்றாலும் இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிற ஆள். இவள் முகத்தைப் பார்த்ததுமே மரகதத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னாத்துக்குடி அழுவுற? அந்தக் கல்லு மேல வெச்சிட்டு, கய்ய கட்டிகினு கம்முனு ஒக்காரு."

அந்த ரூமில் ஏசி எந்நேரமும் இருபது டிகிரி, டிராயிங்கில் போட்டிருக்கிற அளவும் அந்தச் சூட்டுக்குத்தான். வெளியே மிஷின் பக்கம் முப்பத்திரண்டு. வழுவழுவென்ற கருங்கல் மேல் ராடு படுத்துக் கிடந்தது. மரகதம் துளைக்குள் கேஜைச் சொருகி, நம்பரை இவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பத்தொன்பது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பதினெட்டு.

யாரும் தொடவில்லை. ராடு அது பாட்டுக்குக் கிடந்தது.

பதினேழு. பதினாறு.

"ஏ ஆத்தி! யக்கா, இது தானா சுருங்குது!"

சூடு பட்டால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், அதிலுள்ள துளையும் கூடவே. டிப்ளமோவில் பத்து மார்க்குக்கு எழுதிய பதில்தான். ஆனால் எழுதியது வேறு, இப்படிக் கண்ணெதிரே பார்ப்பது வேறு. இரும்புக் கடப்பாரை மாதிரி அசையாமல் கிடக்கிற ஒரு பொருள், ஒரு சத்தமும் போடாமல், தன் துளையைத் தானே இறுக்கிக்கொண்டிருந்தது. இசக்கிசெல்வி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

பதினொன்றில் அவளுக்குச் சபலம் தட்டியது. ஒரே ஒரு விரலை ராடின் மேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நம்பர் பன்னிரண்டானது.

மரகதம் பட்டென்று அவள் கையில் ஒன்று போட்டாள். அடி வாங்கியதுகூட உறைக்கவில்லை. தன் விரல் சூட்டுக்கு ஒரு அலுமினியத் துண்டு மலர்ந்து கொடுக்கிறது! இசக்கிசெல்விக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இதையா பீஸ், பீஸ் என்று எண்ணித் தள்ளினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது. எட்டு. ஏழு. ஆறு. கடைசியில் ஐந்து.

ஐந்தில் நின்றது நின்றதுதான். கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள், அசையவில்லை. சைபருக்கும் பத்துக்கும் நட்ட நடுவில், கேட்டு வாங்கின மாதிரி ஐந்து. மரகதம் பச்சை ஸ்டிக்கரைத் தேடி எடுத்தாள்.

இசக்கிசெல்வி ஈ என்று இளித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை டிப்பை மாற்றினோம், பழைய டிப்பிலேயே ஓட்டியிருந்தால் மிஷின் பக்கத்திலேயே ஐந்து காட்டியிருக்கும், நாமும் நம்பியிருப்போம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் காருக்கு மொத்தம் நாலு ராடு. மூன்றைப் போன வாரமே வெட்டினாள், பழைய டிப்பில். அன்றைக்கு மரகதம் அக்கா லீவு. மிஷின் பக்கத்திலேயே நின்று, சுடச்சுட, அவளேதான் அளந்தாள். மூன்றும் ஐந்து. சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளே கையெழுத்துப் போட்டு, அவளே பேக் பண்ணிக் கோயம்புத்தூரில் கார் கட்டுகிறவர்களுக்கு அனுப்பினாள். இந்நேரம் ஆறிப்போய் சைபருக்குக் கீழே ஒன்பதில் கிடக்கும். நாலாவது போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைப் பூட்டிவிடுவார்கள்.

மரகதம் பக்கத்தில் ஸ்டிக்கரை ஒட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இது இப்போதைக்கு இசக்கிசெல்வி ஒருத்திக்குத்தான் தெரியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு எழிலரசன் உள்ளே வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"இன்னா இசக்கி, பாஸா?"

"இது பாஸ் சார்," என்றாள். "போன வாரம் அனுப்புனோம்லா, அந்த மூணுந்தான் ஃபெயிலு."