நகக்கண் அளவு

புனேயில் இருக்கும் ஷெர்னாஸ் என்ற பெண்ணிடம் மூன்று மாதம் போனில் பேசியே அந்தப் பழைய ஃபியட்டை வாங்கினார் என் கணவர். காரையும் பார்த்ததில்லை, அவளையும் பார்த்ததில்லை. லாரியிலிருந்து இறக்கியதும் ஏறி உட்கார்ந்தார். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி, குட்டையான ஒருத்தியின் கண்ணுக்குத் தோதாகத் தாழ்ந்திருந்தது. திருப்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க வச்ச மாதிரியே இருக்கட்டும், தவமணி.”

அன்றிலிருந்து அந்த ஆறடி மனிதர் கழுத்தை மடக்கிக் குனிந்துதான் ஓட்டுகிறார். நேற்று அவர் குளிக்கப் போனபோது அதை நகக்கண் அளவு திருப்பி வைத்தேன்.

இன்று ஏறி உட்கார்ந்ததுமே கேட்டார்: “கண்ணாடியத் தொட்டியா?”

“இல்லையே” என்றேன்.

நான் மூக்கு குத்திக்கொண்டு ஒன்பது நாளாகிறது. புண் இன்னும் ஆறவில்லை. அவர் இன்னும் பார்க்கவில்லை.