ரூபிக்கு மாலை

ஆனையூரில் தெருவே கூடி ரூபியின் படத்துக்கு மாலை போட்டது. ராணுவத்தில் வெடிகுண்டு மோப்பம் பிடித்து ஓய்வு பெற்ற நாய் அது. போன வாரம் பக்கத்து வீட்டு விஜய்ஆனந்தின் மகளை நெருங்கிய நல்லபாம்பைக் கடித்துக் குதறி, தானும் கடிபட்டுச் செத்தது.

"எம்புள்ள உசுரக் காப்பாத்துன தெய்வம்யா ரூபி!" மைக்கில் விஜய்ஆனந்த் தேம்பினார்.

ரூபியை வளர்த்த ஹம்சவேணிக்கு மட்டும் அழுகை வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்நடை டாக்டர் மெல்லக் கேட்டார். "கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா பொழச்சிருக்குமேம்மா. வண்டி கிடைக்கலையா?"

"வாசல்லயே கார் நின்னுச்சு சார். 'நாயை ஏத்துனா சீட்டு நாறிப்போயிரும்க்கா, ஆட்டோ பாருங்க'ன்னுட்டாரு."

"எந்தப் பாவிம்மா அப்படிச் சொன்னது?"

"இப்ப மைக்குல அழுகுறாரே, அவருதான்."