அந்தக் கல்யாணம்

"மெஷின் நல்லாத்தானே ஓடுது. எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

தையல்காரி சிரித்தாள். "உங்ககிட்ட பேச ஒரு சாக்கு வேணாமா, ஐயா?"

மெஷின் பழுது பார்க்கும் பெரியவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கடையைத் திறந்து பதினோரு வருடம் ஆகிறது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்ல பத்துப் பேர் கூடறோம். பாடுவோம், பைபிள் வாசிப்போம், டீ குடிப்போம். நீங்களும் வரணும்."

"நான் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"கோயிலுக்குக் கூப்பிடல. வீட்டுக்குத்தான்."

அவர் ஏதோ தேடுவதுபோல் மேஜை டிராயரைக் குடைந்தார்.

"நம்ம கோயில் தகரக் கூரை மேல மழை கொட்டுமே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இல்லாமலா? ஆர்மோனியமே கேட்காது. மழையை ஜெயிக்க எல்லோரும் தொண்டை கிழியப் பாடுவார்கள். பெஞ்சுக்கு அடியில் குழந்தைகள் அசந்து தூங்கும். கடைசி வரிசைக் கொத்தனார் மட்டும் எப்போதும் ஒரு வரி பிந்தித்தான் முடிப்பார். மொத்தச் சபையும் அவருக்காகக் காத்திருக்கும். அந்த முகங்கள் ஒவ்வொன்றும் பெரியவருக்கு இன்னும் மனப்பாடம்.

"கொத்தனார் இப்பவும் பிந்தித்தான் பாடறார், ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னை வெளியேத்தச் சொல்லி அவரும்தானே கையெழுத்துப் போட்டார்?"

"போட்டவங்கள்ல நாலு பேர் வர்றாங்க. உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தவிச்சுக்கிட்டிருக்காங்க."

"என் சம்சாரம் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? கோயில் மணி அடிச்சா ஜன்னலைச் சாத்திடுவா. கண்ணை மூடற வரைக்கும் அப்படித்தான்."

அவள் தணிந்த குரலில் கேட்டாள். "அந்தக் கல்யாணமே நடந்திருக்க வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா, ஐயா?"

"ஒரு நாளும் இல்ல. விவாகரத்தான பொண்ணு திரும்ப வாழக்கூடாதுன்னு கர்த்தர் என்கிட்ட சொல்லல. சபை கூடிக் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னேன். என் சம்சாரமும் அதைத்தான் சொன்னா."

தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் அவளுடைய மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு, பாஸ்டர்."

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவரை அப்படி ஒருவர் கூப்பிட்டது அன்றுதான். கூப்பிட்டவள், எல்லோரும் மறுத்தபோது அவர் துணிந்து மணமுடித்து வைத்த அந்தப் பெண்.